பறக்க மாட்டேன் என்றவரும் பறந்த அணியும்

நடுவர் அவர்களே! எதிரணியில் கண்டிப்போடு அமர்ந்திருக்கிற நண்பர்களே! (சிரிப்பு)

ஓர் அணி வெல்வது கண்டிப்பாலா, விட்டுக்கொடுப்பாலா? விட்டுக்கொடுப்பால்தான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் கேட்டார்: "பதினோரு பேர் ஆடுற அணியில ஒருத்தன் மட்டும் 'விமானத்தில ஏற மாட்டேன்'னு அடம்பிடிச்சா அணி உருப்படுமா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!" நீங்களும் கைதட்டினீர்கள்.

அய்யா, அப்படிச் சொன்ன ஆட்டக்காரர் ஒருவர் உண்மையிலேயே இருந்தார். ஆடத் தெரியாதவர் அல்ல. அவருடைய ஆட்டத்தைப் பார்க்க உலகமே உட்கார்ந்திருந்தது. ஹாலந்து நாட்டுக் கால்பந்து வீரர் டென்னிஸ் பெர்க்காம்ப். அவருக்குக் கூடம் கோணல் இல்லீங்க. கூடத்துக்குப் போற வழிதான் ஆகாயத்தில இருந்தது! (சிரிப்பு, கைதட்டல்)

இத்தாலியில் இண்டர் மிலான் அணிக்கு ஆடியபோது, சின்னச் சின்ன விமானங்களில், மேகத்துக்குள்ளேயே குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டியிருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1994-ல் அமெரிக்காவில் உலகக் கோப்பை. அந்தப் பயணத்தில் ஒரு பத்திரிகையாளர் வேடிக்கையாக வெடிகுண்டுப் பேச்சை எடுக்க, விமானமே தாமதமாயிற்று. பக்கத்தில் இருப்பவனுக்கு அது வேடிக்கை. பயந்தவனுக்கு? இனி விமானம் ஏறுவதில்லை என்று முடிவே செய்துவிட்டார்.

1995-ல் லண்டனின் ஆர்சனல் அணி 75 லட்சம் பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. இவ்வளவு பணம் கொட்டியவர்கள் என்ன செய்திருக்கலாம்? "கையைக் காலைக் கட்டித் தூக்கி உள்ளே போடு" என்றிருக்கலாம். (சிரிப்பு) அவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். விமானம் ஏறத் தேவையில்லை என்பது ஒப்பந்தத்திலேயே வந்துவிட்டது. ஆனால் சும்மா இல்லை. சம்பளப் பேச்சு எடுத்தாலே, "நீங்கள் பறப்பதில்லையே, அதற்கு ஒரு லட்சம் பவுண்டு கழிக்கிறோம்" என்பார்களாம். அவரும் ஒப்புக்கொண்டார்.

எதிரணி அம்மையார் கேட்டார்களே, "ஒருத்தருக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேட்பாங்களே?" என்று. கேட்கட்டும் அம்மா! "பயமா? சரி, சம்பளத்தில ஒரு லட்சம் கழிக்கிறோம்"னு சொல்லிப் பாருங்க. பொய்ப் பயமெல்லாம் அன்றைக்கே ஓடிப் போகும். மெய்ப் பயம் மட்டும்தான் நிற்கும். (பலத்த கைதட்டல்)

விளைவு என்ன? இங்கிலாந்து லீக்கில் ஒரு பருவத்துக்கு 38 ஆட்டம். பாதி சொந்த ஊரில். மீதியும் அதே நாட்டுக்குள். பஸ்ஸில் போகலாம், ரயிலில் போகலாம். ஐரோப்பாவுக்கு ஆடப் போவதென்றால், கார், ரயிலில் எட்டுகிற ஊர்களுக்குப் போனார். எட்டாத ஊர்களுக்குப் போகவில்லை. 2000-ஆம் ஆண்டு யூஇஎஃப்ஏ கோப்பை இறுதியாட்டம், டென்மார்க்கின் கோபன்ஹேகனில். விமானம் ஏறாமலே அங்கேயும் போய் ஆடினார். 2006 வரை அதே அணி. 423 ஆட்டம், 120 கோல், மூன்று முறை லீக் பட்டம். 2003-04 பருவத்தில் 26 வெற்றி, 12 சமன், தோல்வி பூஜ்யம்! 2014-ல் அவருக்கு ஆடுகளத்தின் வாசலில் சிலையே வைத்தார்கள். அந்தச் சிலையிலும் கால் தரையில் இல்லைங்க, அந்தரத்தில்தான் பந்தை எடுக்கிறார்! (சிரிப்பு)

நஷ்டமே இல்லையா? இருந்தது. தொலைதூர ஐரோப்பிய ஆட்டங்கள் பலவற்றில் அவர் இல்லாமலே அணி ஆடியது. அவருக்கும் நஷ்டம்தான். 2002 உலகக் கோப்பை ஜப்பானிலும் கொரியாவிலும். அங்கே தரைவழி போய்ச் சேர முடியுமா? 2000-த்தோடு தேசிய அணிக்கு ஆடுவதையே நிறுத்திக்கொண்டார். இருவரும் கொடுத்தார்கள், இருவரும் இழந்தார்கள். அதனால்தான் இதை நான் சலுகை என்று சொல்லவில்லை. விட்டுக்கொடுப்பு என்கிறேன்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2012-ல் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் ராய்ஸ் வைட் என்ற இளைஞர் தேர்வானார். மனப்பதற்ற நோய் உள்ளவர். விமானம் என்றால் பயம். விதியைப் பாருங்கள், தேர்ந்தெடுத்த அணியின் பெயர் ஹூஸ்டன் ராக்கெட்ஸ்! (சிரிப்பு) அங்கே ஒரு பருவத்துக்கு 82 ஆட்டம். பாதி வெளியூரில், கண்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. பஸ்ஸில் போகலாமா என்று பேச்சு நடந்தது, சில பயணங்களுக்கு அணியும் இசைந்தது. ஆனால் ஆடும் நிலையில் இருக்கிறாரா என்று முடிவு செய்வது எந்த மருத்துவர் என்பதில் சண்டை வந்தது. 2013 ஜனவரியில் அணி அவரைத் தற்காலிகமாக நீக்கியது. கடைசியில், 2014-ல் வேறோர் அணிக்காக ஆடிய மூன்றே மூன்று ஆட்டங்களோடு அவருடைய என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்தது.

அங்கே தூரம் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தூரம் மட்டுமா காரணம்? ஒரு பக்கம், எது முடியும், எது முடியாது, என்ன விலை என்பதை ஆரம்பத்திலேயே பேசி எழுதிக்கொண்டார்கள். இன்னொரு பக்கம், பருவம் தொடங்கிய பிறகு பேசிக்கொண்டே இருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால பேச வேண்டியதைப் பந்தியில பேசினா என்ன ஆகும்? (சிரிப்பு)

"சிகிச்சை எடுத்துக்கொள்ளட்டுமே" என்கிறார் எதிரணித் தலைவர். நல்லது. படிப்படியாகப் பழக்கி இந்தப் பயத்தைக் குறைக்கும் சிகிச்சை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது நிதானமாக நடக்க வேண்டியது. வாரத்துக்கு இரண்டு ஆட்டம் இருக்கும்போது, "சனிக்கிழமைக்குள்ள குணமாகிடு"ன்னு உத்தரவு போட்டா அது சிகிச்சையா, தண்டனையா?

பஸ்ஸில் ஏறினாலே தலைசுற்றும் மருமகளை ஜன்னலோரம் உட்கார வைக்கிறோம். "குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே சட்டம், நடுவுல உட்காரு"ன்னு சொன்னா யார் சேலை பாழாகும்? மாமியார் சேலைதான்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

ஆகவே நடுவர் அவர்களே, பயப்படுகிறவன் வேலைக்குப் பயந்தவன் அல்ல. பெர்க்காம்ப் ஆட்டத்துக்குப் பயப்படவில்லை. அங்கே போகும் வழிக்குத்தான் பயந்தார். வழியை மாற்றிக் கொடுத்த அணிக்குப் பதினோரு ஆண்டு அவருடைய ஆட்டம் கிடைத்தது. கண்டிப்பு ஓர் ஆளை விமானத்தில் ஏற்றிவிடலாம். இறங்கியதும் ஆட வைக்க அதனால் முடியாது. ஆகவே ஓர் அணி வெல்வது விட்டுக்கொடுப்பாலேதான் என்ற தீர்ப்பை வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)