பூட்டிய பேழையும் திறந்த ஏடும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



பனையோலை ஏடுகளைக் கறையான் அரித்தது. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டோரும் உண்டு. எஞ்சியவற்றைத் தேடித் தொகுத்து, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார் உ.வே. சாமிநாதையர். சிதைந்த ஏடாயினும் நாராசத்தை உருவிக் கட்டை அவிழ்த்தால் எழுத்து கண்முன் நிற்கும். கணிப்பொறிக் காலத்து ஏடு அத்தகையதன்று. ஓரெழுத்தும் சிதையாதிருந்தும் படிக்கவியலாது போகும் நிலை அதற்கு உண்டு. வட்டுப் படிமங்களே சான்று.

குறுவட்டில் உள்ளதை முழுவதும் ஒரே கோப்பாகப் படியெடுத்து வைப்பது வட்டுப் படிமம் எனப்படும். வட்டு கீறிப்போகும் என்றஞ்சி, தம் நூல்களையும் கவியரங்க ஒலிப்பதிவுகளையும் அவ்வாறு வன்தட்டில் சேமித்தோர் பலர். அறிவுடைய செயலே. ஆயினும் எந்த மென்பொருளால் படியெடுத்தனரோ, அந்நிறுவனத்தின் தனி வடிவிலேயே பல படிமங்கள் அமைந்துவிட்டன. 'நீரோ பர்னிங் ராம்' என்னும் மென்பொருள் என்ஆர்ஜி வடிவைத் தந்தது. (ரோம் நகர் எரிந்த கதையை வட்டில் 'எரிப்ப'தோடு பிணைத்த சிலேடை அப்பெயர், காளமேகம் கேட்டிருப்பின் சுவைத்திருப்பார்.) 'ஆல்கஹால் 120%' தந்தது எம்டிஎஃப், எம்டிஎஸ் என்னும் இரட்டைக் கோப்பு, முன்னது உள்ளடக்கம், பின்னது அதன் விளக்கம்.

இவற்றுக்கு மாறாக, எவரும் படித்தறியத்தக்க பொதுவடிவம் ஒன்றுண்டு. 1985இல் அமெரிக்காவின் டாஹோ ஏரிக்கரையில் ஹை சியரா என்னும் விடுதியில் கூடிய நிறுவனத்தார் வகுத்த நெறியே, 1988இல் ஐஎஸ்ஓ 9660 என உலகத் தரமாயிற்று. அதன்படி அமைந்த படிமத்தில் முதல் 16 பகுதிகள் கடந்ததும் 'சிடி001' என்னும் முத்திரை காணப்படும். நூலின் முகப்புப் போன்றது அது.

தனிவடிவைப் பொதுவடிவாக்குதல் மாயவித்தையன்று. குறுவட்டின் ஒவ்வொரு பகுதியும் 2352 பைட்டு அளவினது. பொதுவான தரவு வட்டில் அதனுள் உண்மைச் செய்தி 2048 பைட்டே. ஏனையவை ஒத்தியைவுக்கும் பிழைதிருத்தத்துக்கும் உரியன. அவற்றை நீக்கிச் செய்தியை மட்டும் வரிசைப்படுத்தினால் ஐஎஸ்ஓ கிடைக்கும். என்ஆர்ஜி கோப்போ தன் விளக்கக் குறிப்பை இறுதியில் வைத்திருக்கிறது. நூலின் பாயிரத்தைக் கடைசி ஏட்டில் எழுதியது போல. ஒற்றைத் தடமுடைய பல என்ஆர்ஜி படிமங்களில் தொடக்கத்து 150 வெற்றுப் பகுதிகளை, அதாவது 3,07,200 பைட்டுகளைத் தள்ளிவிட்டால் ஐஎஸ்ஓ வெளிப்படுகிறது. 'என்ஆர்ஜி2ஐஎஸ்ஓ' என்னும் சிறு கட்டற்ற மென்பொருள் செய்வது பெரிதும் இதுவே. எம்டிஎஃப் கோப்புக்கு 'எம்டிஎஃப்2ஐஎஸ்ஓ' உண்டு.

கவிஞர்கள் மிகுந்த கவனம் கொள்ள வேண்டிய இடம் இனித்தான் வருகிறது. ஒரே குறுவட்டில் முதல் தடத்தில் கவிதை எழுத்தாகவும், அடுத்த தடங்களில் கவிஞரின் குரல் இசைவட்டு முறையிலும் பதிந்திருக்கலாம். ஐஎஸ்ஓ அக்குரலை ஏற்காது. அது கோப்புகளுக்கே உரிய கலம். மாற்றிய பின் திறந்து பார்ப்பவர் எழுத்தைக் கண்டு மனநிறைவு கொள்வார். குரல் போயிற்றென்பதை அறியவே மாட்டார். மறைந்த கவிஞரின் குரலாயின் அவ்விழப்பை எதைக்கொண்டு ஈடுசெய்வது? அத்தகைய வட்டுக்குப் பின், கியூ என்னும் இரட்டைக் கோப்பே தக்கது. கியூ வெறும் எழுத்துக் கோப்பாதலின், எத்தடம் எவ்விடத்தில் தொடங்குகிறதென்பதை எவரும் படித்தறியலாம்.

படிமம் திறந்த பின்னும் ஒரு பூட்டு எஞ்சும். அக்காலக் கோப்புகள் பலவும் தனித்தனி எழுத்துருக் குறியீடுகளில் தட்டெழுதப்பெற்றவை; அவற்றை ஒருங்குறிக்கு மாற்றினாலன்றித் தமிழ் தமிழாகத் தோன்றாது. அதற்கான மாற்றிகளும் உள்ளன. அது தனியே ஓர் உரைக்குரிய பொருள்.

மாற்றம் முடிந்ததும் மூலப் படிமத்தை அழித்துவிடும் வழக்கம் சிலரிடம் காணப்படுகிறது. ஏட்டைப் பெயர்த்தெழுதிய மறுநாளே ஆற்றில் விடுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. எந்நாளில் எக்கருவியால் மாற்றப்பெற்றது என ஒரு துண்டுக் குறிப்பெழுதி, இரண்டையும் இரு வேறிடங்களில் வைத்திருப்பதே முறை. எம்டிஎஃப் வைத்திருப்போர் இன்றிரவே எம்டிஎஸ் உடனிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நன்று.