திரும்பி வந்து பார்ப்பவரே அயலார்

(புனித யோசேவ் வாஸ் அடிகளார் திருநாளை ஒட்டி, தோட்டக் கோயிலில் நடந்த கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)

 

'அயலாருக்குச் சேவை' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் பிரசங்கம் செய்யப் படித்தவன் இல்லை. லயம் லயமாக நடக்கிற ஆள். நடக்கும்போது கண்டதைத்தான் பேச முடியும்.

முதலில் நம்முடைய நல்ல குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் யாரையும் கூப்பிடத் தேவையில்லை. குழி வெட்ட ஒரு கூட்டம், தேத்தண்ணி ஊற்ற ஒரு கூட்டம், பந்தல் போட ஒரு கூட்டம். எந்தச் சாமி, எந்தச் சங்கம், மேல் டிவிசனா கீழ் டிவிசனா என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்பதில்லை. மலையில் ஒருவரைக் குளவி கொட்டினாலும் அப்படித்தான். படங்கில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு இருபது பேர் நிற்போம்.

ஆனால் கருமாதி முடிந்த பிறகு? செத்தவரின் வயசான சம்சாரத்துக்குப் பீலியில் தண்ணி பிடித்துக் கொடுப்பது யார்? குளவி கொட்டினவர் மூன்று கிழமை பேர் இல்லாமல் காம்பராவில் கிடந்தால், எட்டிப் பார்ப்பது எத்தனை பேர்? இதைத்தான் இன்றைக்கு யோசிக்கச் சொல்கிறேன்.

நல்ல சமாரியன் கதை நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேமில் இருந்து எரிக்கோவுக்குப் போன ஒருவனைக் கள்ளர்கள் அடித்துப் போட்டுவிட்டார்கள். குருவும் லேவியரும் விலகிப் போனார்கள். யூதர்களோடு சேராத இனத்தைச் சேர்ந்த சமாரியன்தான் நின்றான். காயத்தைக் கட்டினான், சத்திரத்துக்குக் கொண்டு போனான். இதோடு கதையை முடித்துவிடுகிறோம். மிச்சம் இருக்கிறது. மறுநாள் அவன் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தான். கூடச் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றும் சொன்னான்.

தெனாரியம் என்றால் எவ்வளவு? மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டத்து வேலையாட்களுக்கு ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம். அப்படியானால் அந்த மனுசன் தன்னுடைய இரண்டு நாள் பேரை முன்பின் தெரியாதவனுக்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இரண்டு நாள் பேர் எவ்வளவு கனம் என்று கொழுந்து எடுக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைவிடப் பெரிசு, திரும்பி வருவேன் என்று சொன்னது. முதல் நாள் இரக்கம் எல்லோருக்கும் வரும். இரண்டாவது தடவை வருகிறவன்தான் அயலான்.

இன்றைக்கு நாம் நினைக்கிற யோசேவ் வாஸ் அடிகளாரும் அப்படித்தான். கோவாவில் 1651இல் பிறந்தவர். 1687இல் இலங்கைக்கு வந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலம். ஏழைக் கூலியாள் கோலத்தில் வந்து இறங்கினார். 1692இல் கண்டிக்குப் போனபோது உளவாளி என்று சந்தேகப்பட்டு மறியலில் போட்டார்கள். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. சொந்தக்காரர்களே நோயாளியை விட்டு ஓடினார்கள். அடிகளாரும் அவருடைய மருமகனான கர்வாலோ அடிகளாரும் ஓடவில்லை. நோயாளிகளைக் கழுவினார்கள், கஞ்சி கொடுத்தார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். பௌத்தரா கிறிஸ்தவரா என்று பார்க்கவில்லை. நோய் அடங்கும் மட்டும் அந்த வேலையை விடவில்லை. தன்னை மறியலில் போட்ட அதே ஊருக்குத்தான் இதைச் செய்தார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நமக்கு இன்றைக்குப் பெரியம்மை இல்லை. வேறு கஷ்டம் இருக்கிறது. பிரஷர், சீனி வருத்தக்காரர்கள் மாதா மாதம் கிளினிக்குக்குப் போக வேண்டும். கூட்டிப் போக ஆள் இல்லாமல் பாதியில் மருந்தை விடுகிறார்கள். வேலையில் இருந்து நின்ற ஒரு அம்மாவுக்கு செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர். சேமலாப நிதிக் காசு வரவில்லை. கிராம சேவகரிடம் ஒரு நடை, சத்தியக்கடதாசிக்கு ஒரு நடை, தொழில் காரியாலயத்துக்கு ஒரு நடை. எழுதப் படிக்கத் தெரியாதவர் தனியாக எப்படி அலைவார்? அம்மா வெளிநாட்டில் இருக்க, பாட்டியோடு இருக்கிற பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. இதற்கெல்லாம் காசு கொஞ்சம்தான் தேவை. நேரம்தான் கூடத் தேவை.

விசுவாசம் மட்டும் இருந்து செயல் இல்லாவிட்டால் அது செத்தது என்று யாகப்பர் தன் கடிதத்தில் எழுதுகிறார். பசித்தவனிடம் "போய் நல்லாச் சாப்பிடு" என்று வாயால் சொல்லி அனுப்பினால் என்ன புண்ணியம் என்று அவரே கேட்கிறார்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு லயத்திலும் இரண்டு பேர் முன்வாருங்கள். ஒருவர் வேதக்காரராக இருந்தால் மற்றவர் இந்துவாக இருக்கட்டும். தங்கள் லயத்தில் தனியாகக் கஷ்டப்படுகிறவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கிழமையில் ஒரு நாள் என்று குறித்து, அந்த நாள் தவறாமல் போங்கள். போகிற இடத்தில் புத்தி சொல்லாதீர்கள். என்ன தேவை என்று கேளுங்கள். செய்த உதவியைப் பீலியடியில் சொல்லிக் காட்டாதீர்கள். அவருடைய கடுதாசி, கார்டு எதையும் உங்கள் கையில் வைத்திருக்காமல் வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஆபீசில் இருப்பேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வாருங்கள். ஆபீஸ் கடுதாசி வேலைக்கு நானும் கூட வருவேன். சம்பள நாள் முடிந்து அடுத்த மாதமும் போவதற்கு மனசு இருக்கிறவர்கள் வந்தால் போதும்.