க்ஷயரோக சிகிச்சையும் இரத்தத்தில் மருந்தின் அளவும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



க்ஷயரோகம் தீராத வியாதி என்னும் எண்ணம் நம்மவருள் இன்னும் முற்றும் நீங்கினபாடில்லை. அது தீரக்கூடியதே. தக்க மருந்தை ஒழுங்காக உண்பவர், வீட்டிலிருந்தபடியே, ஆரோக்கிய நிலையத்திற் படுத்திருப்பவரை ஏறக்குறைய ஒப்பக் குணமடைவர் என்பதைச் சென்னையில் 1956-ல் ஸ்தாபிக்கப்பட்ட ஆராய்ச்சி நிலையத்தார் 1959-ல் உலகுக்கு வெளியிட்டனர். ஆயினும் ஒன்றை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். வயிற்றுக்குட் சென்ற மருந்தனைத்தும் இரத்தத்திற் சேர்ந்துவிடுவதில்லை.

ஐசோனியாசிட் என்னும் மருந்தைக் கல்லீரல் மாற்றி வெளியேற்றுகின்றது. அவ்வேலை சிலரிடம் விரைவாகவும் சிலரிடம் மெதுவாகவும் நடைபெறும், இது பிறவியமைப்பு. ஒரே மாத்திரையை உண்ட இருவருள் ஒருவரிடம் மருந்து சீக்கிரம் குறையும். மற்றவரிடம் நெடுநேரம் தங்கிக் கைகால்களில் எரிச்சலும் மரமரப்பும் விளைவித்தல் கூடும். ரிபாம்பிசினோ உணவோடு உண்டால் குறைவாகவே சேரும். நீரிழிவுடையாரிடம் அதன் அளவு தாழ்ந்திருத்தலும் ஆராய்ச்சிகளிற் காணப்பட்டுள்ளது.

இதனை அறிவது எங்ஙனம்? மருந்துண்ட 2 மணி நேரத்திலும் 6 மணி நேரத்திலும் சிறிது இரத்தம் எடுத்துச் சோதிப்பர். 2 மணி நேரத்தில் ரிபாம்பிசின் 1 மில்லிலிட்டருக்கு 8 முதல் 24 மைக்ரோகிராம் வரை இருத்தல் நலமென்பர். முதலிற் குறைந்து பின்னர் ஏறியிருப்பின் மருந்து தாமதித்துச் சேர்கின்றது. இரு முறையும் குறைந்திருப்பின் சரிவரச் சேரவில்லை. அதற்கேற்ப வைத்தியர் அளவைத் திருத்துவர்.

இச்சோதனை எல்லார்க்கும் வேண்டுவதன்று, எங்கும் கிடைப்பதுமன்று. தவறாது மருந்துண்டும் இரண்டு மாதத்திற்குப் பின் சளியிற் கிருமி நீங்காதவர்க்கு, அக்கிருமி மருந்துக்கு அடங்காத வகையோ என்று முதலிற் பார்த்து, பின்னர் இதனையும் ஆலோசிப்பர்.

நோய் குறையாவிடின், "மாத்திரையை ஒளித்து எறிந்திருப்பான்" என்று நோயாளியின்மேற் பழி சுமத்துவது நம் இல்லங்களிற் சகஜம். மனமுடைந்தவன் மருந்தையே வெறுத்து நிறுத்திவிடுவான். அதனால் அவனுக்கும் கேடு, அருகிலிருக்கும் குழந்தைகளுக்கும் கேடு. குற்றம் அவனுடையதாகவே இராமல் உடலின் இயல்பாகவும் இருக்கலாம். ஆதலின் பழித்தலை விடுத்து வைத்தியரிடம் அழைத்துச் செல்வோமாக. நாமாக அளவைக் கூட்டுதலும் குறைத்தலும் ஒருகாலும் ஆகா. மருந்தைக் குறித்த வேளையில், குறித்த காலம் முழுவதும் உண்பிப்பதே நம் கடமை.