நமது பள்ளத்தாக்கும் இருப்புப் பாதையும்



முதல் போடுவது ஒருவர், நஷ்டத்தைச் சுமப்பது மற்றொருவர் என்னும் ஏற்பாடு இத்தேசத்து ரயில்வேக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் சீமைக் கம்பெனிகள் முதல் போட்டன. நூற்றுக்கு 5 வட்டிக்குச் சர்க்கார் உறுதி கூறிற்று. வரும்படி குறைந்தபோதெல்லாம் அதனை ஈடு செய்தது குடிகளின் வரிப்பணமே.

மதுரையினின்று தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்கு 1928இல் வந்த பாதையைத் தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் நடத்தினர். யுத்தத்தின் பொருட்டு 1942இல் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. 1944இல் அக்கம்பெனி சர்க்கார் வசமாயிற்று. பாதை மீண்டதோ சுதந்திரத்திற்குப் பின்னரே. பின்பு அகலப் பாதையாக்கும் பொருட்டு 2010 முடிவில் வண்டி நின்றது. சர்க்கார் செலவில் நடந்த அவ்வேலை முடிந்து தேனிக்கு 2022இலும் போடிக்கு 2023இலும் வண்டி திரும்பிற்று. ஆக, கம்பெனி முதலில் வரிச்சுமையையும் சர்க்கார் முதலில் தாமதத்தையும் நாம் கண்டோம்.

கம்பம், கூடலூர் வழியே லோயர் கேம்ப் வரை பாதை வேண்டுமென்பது நமது நெடுநாளைய கோரிக்கை. தனியார் முதல் வருமாயின் வரவேற்போம். ஆயின் நஷ்டம் யாரைச் சேரும், கட்டணத்தை யார் விதிப்பர், பாதை என்று பொதுச்சொத்தாகும் என்னும் மூன்றையும் ஒப்பந்தம் எழுதுமுன் கேட்போமாக. திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு விடுமுன் நம் குடியானவர் கேளாத கேள்விகளா இவை?