நின்றுபோன ஸ்கூட்டரை ஓடவைத்தல்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

எனக்கு முன் பேசிய அன்பர் சங்க இலக்கியத்தின் நறுமணத்தை இம்மேடையில் பரப்பிச் சென்றார். நானோ பெட்ரோல் வாடையைக் கொண்டு வந்திருக்கிறேன். பொறுத்தருள வேண்டுகிறேன். பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் ஒன்றை மீண்டும் ஓடவைப்பது எவ்வாறு என்பதே எனக்கு அளிக்கப்பட்ட பொருள்.

புனே நகரத்துத் தமிழர்களுக்கு இப்பொருள் அந்நியமானதன்று. ஆகுர்டி ஆலையின் சங்கொலியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று பேரப் பிள்ளைகளோடு இங்கே அமர்ந்திருக்கிறார்கள். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்த காலம் பெரியோர்களுக்கு நினைவிருக்கும். வண்டி வந்த நாளில் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, முன்னே ஒரு பிள்ளையை நிறுத்தி, பின்னே மனைவியையும் கைக்குழந்தையையும் அமர்த்தி, முருகன் கோயிலுக்குப் போய் வந்தோம். அது சட்டத்துக்கு உகந்ததா என்று அன்று எவரும் கேட்கவில்லை. இன்று கேட்பார்கள், கேட்பதே நியாயம்.

இவ்வண்டியின் பிறப்பிடம் இத்தாலி. 1946-ஆம் ஆண்டில், பியாஜியோ நிறுவனத்துக்காகக் கொர்ராதினோ தாஸ்கானியோ என்னும் விமானப் பொறியாளர் வெஸ்பாவை வடிவமைத்தார். விமானம் அறிந்த கை என்பது வண்டியைப் பார்த்தாலே தெரியும். முன்சக்கரம் ஒரு புறத்தில் மட்டுமே தாங்கப்பட்டிருக்கிறது. சங்கிலி கிடையாது, எஞ்சின் பின்சக்கரத்தோடு ஒட்டி நிற்கிறது. அவ்வடிவத்தை உரிமம் பெற்று இங்கே செய்துவந்த பஜாஜ் நிறுவனம், உரிமக் காலம் 1971-இல் முடிந்தபின், 1972 முதல் சேதக் என்னும் பெயரில் விற்றது. ராணா பிரதாப்பின் குதிரையின் பெயர் அது. 2005-ஆம் ஆண்டளவில் அந்த வண்டியின் உற்பத்தி நின்றது. 2020-இல் அதே பெயரோடு வந்தது மின்சார ஸ்கூட்டர். அதற்கும் நான் இன்று பேசப்போகும் பொருளுக்கும் பெயரொற்றுமை ஒன்றே உறவு.

இனிப் பொருளுக்கு வருகிறேன். நம் குடியிருப்பில் ஒரு மாடிப்படியின் கீழ்ப் பதினோர் ஆண்டுகளாக ஒரு சேதக் நின்றது. அதற்கு உரியவர் காலமாகிவிட்டார். கேட்பாரற்ற வண்டிகளையெல்லாம் மாத இறுதிக்குள் அகற்ற வேண்டும், ஓடும் நிலையில் உள்ளவை மட்டுமே நிற்கலாம் என்று குடியிருப்புச் சங்கம் அறிவிப்பு ஒட்டியது. பழைய இரும்பு வாங்குபவர் வந்து 1,500 ரூபாய் விலை சொன்னார். அயல்நாட்டிலிருந்து மகனும் தொலைபேசியில், "கொடுத்துவிடு அம்மா" என்றார். அவ்வம்மையார் என் வீட்டுக்கு வந்து, "அதே விலைக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அண்ணா. வெட்டி எடுத்துப் போவதை மட்டும் நான் பார்க்க வேண்டாம்" என்றார். மாத இறுதிக்கு இருபத்து மூன்று நாட்கள் இருந்தன. மேல்மாடியில் வசிக்கும் கல்லூரி மாணவன் ஒருவன், "மாமா, நானும் வரலாமா?" என்று கேட்டுக்கொண்டு ஸ்பானருடன் வந்து சேர்ந்தான்.

நின்ற வண்டி கிடைத்தவுடன் எல்லோரும் செய்வது கிக்கரை உதைப்பது. அதைத்தான் செய்யக் கூடாது. நீண்ட நாள் நின்ற எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் துருவால் சிலிண்டர்ச் சுவரைப் பற்றிக்கொண்டிருக்கக் கூடும். உதைத்தால் வளையம் முறியும், சுவர் கீறும். எங்கள் வண்டியிலும் பிஸ்டன் அசையவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளையின் வழியே இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, இரண்டு நாள் அப்படியே வைத்தோம். மூன்றாம் நாள் விசிறிச் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தபோது, பிடி விட்டது. பிளக் துளையில் கட்டைவிரலை வைத்துச் சுற்றினால் காற்று விரலைத் தள்ள வேண்டும். தள்ளியது. அழுத்தம் இருக்கிறது என்று பொருள்.

எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: அழுத்தம், பொறி, எரிபொருள். எது இல்லை என்று அறியுமுன் எதையும் விலைகொடுத்து வாங்கலாகாது. ஜூனா பஜாரில் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கடை விரித்திருப்பவர்கள் நல்லவர்கள்தாம். ஆனால் நாம் கேட்பதைத்தான் தருவார்கள், நமக்கு வேண்டியது எது என்று சொல்ல அவர்களுக்கென்ன கடமை?

பொறிக்கு வருவோம். புதுப் பிளக் ஒன்றை மாட்டி, அதன் உலோகப் பகுதியை எஞ்சினோடு தொடவைத்துச் சுற்றிப் பார்த்தால், நீலப் பொறி தெறிக்க வேண்டும். அருகில் பெட்ரோல் இருக்கக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை, இருந்தும் சொல்லிவைக்கிறேன். எங்களுக்குப் பொறி வரவில்லை. பழைய மாதிரி வண்டிகளில் விசிறிச் சக்கரத்தின் உள்ளே பாயிண்ட் இருக்கிறது. ஈரத்தால் அதன் முனைகளில் பச்சை படர்ந்திருந்தது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டர் அளவுக்கு வைத்தவுடன் பொறி வந்தது. அந்தப் பையன் கைதட்டினான். அவனுக்கு அதுவரை மின்சாரம் என்பது சுவரிலுள்ள பொத்தான்.

எரிபொருளே இதில் பெரும்பாடு. பதினோர் ஆண்டு நின்ற பெட்ரோல் வார்னிஷ் போல் மணந்தது. டாங்கைக் கழற்றி, உள்ளே கைப்பிடியளவு சிறு நட்டுகளையும் டீசலையும் போட்டு அரைமணி நேரம் குலுக்கினோம். வந்த துருவைப் பார்த்தால் செம்மண் ஓடை என்று சொல்லலாம். ரப்பர்க் குழாய் கல்லாக இறுகியிருந்ததால் புதிது மாற்றினோம். கார்புரேட்டரின் ஜெட்டுகளில் பிசின் அடைத்திருந்தது. அவற்றின் துளையைக் கம்பியால் குத்தினால் அளவு பெரிதாகிவிடும். அப்புறம் வண்டி எண்ணெய்விளக்குப் போலப் புகைந்துகொண்டே இருக்கும். ஊறவைத்துக் காற்றடித்தோ, நைலான் இழையை நுழைத்தோதான் திறக்க வேண்டும்.

பெட்ரோலில் எண்ணெய் கலக்கும் செய்தியை இளைஞர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, முதலில் கிராங்க் அறைக்குள் சென்று, பிறகே சிலிண்டருக்கு ஏறுகிறது. ஆகவே அவ்வறையில் தனியே எண்ணெய் தேங்கி நிற்க இடமில்லை. பெட்ரோலோடு கரைந்து வரும் எண்ணெயே பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர். ஒரு லிட்டருக்கு 20 மில்லி 2டி எண்ணெய் கலக்க வேண்டும். ஒரு காலத்தில் பெட்ரோல் நிலையத்துப் பையன் கைப்பம்பால் அதை ஊற்றுவான். இன்று நாமே சீசாவில் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. மறந்தால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு பற்றிக்கொள்ளும்; பின்சக்கரம் நடுச்சாலையில் பூட்டிக்கொள்ளும். அப்படி நேர்ந்தால் நொடிப்பொழுதில் கிளட்சைப் பிடிப்பதே வழி.

பதினான்காம் நாள் மாலை வண்டி உறுமியது. சன்னல்களெல்லாம் திறந்தன. ஆனால் மகிழ்ச்சி அரை நிமிடமே. ஆக்சிலேட்டரைத் தொடாமலே எஞ்சின் வேகம் ஏறிக்கொண்டே போயிற்று. சாவியைத் திருப்பியும் நிற்கவில்லை. துணைக்கு வந்திருந்த முதிய மராட்டிய மிஸ்திரி ஓடிவந்து, வண்டியில் ஏறி அமர்ந்து, நான்காம் கியரைப் போட்டுப் பிரேக்கை மிதித்துக் கிளட்சை மெல்ல விட்டார். எஞ்சின் அடங்கியது. "சீல்" என்று ஒரே சொல் சொன்னார்.

அச்சொல்லின் பொருள் இது. கிராங்க் அறையின் இரு பக்கமும் ரப்பர் எண்ணெய் சீல்கள் உண்டு. ஆண்டுக் கணக்கில் நின்றால் அவை இறுகி வெடிக்கும். விசிறிச் சக்கரத்துப் பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்று உட்புகும். கலவையில் பெட்ரோல் குறையும். எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்துச் சூடாகும். கிளட்சுப் பக்கத்துச் சீல் போனாலோ கியர் எண்ணெயை உறிஞ்சி வெண்புகை கக்கும். பழைய ஸ்கூட்டர் வாங்குவோர் பலரும் பெயின்டைப் பார்க்கிறார்கள், இருக்கையைப் பார்க்கிறார்கள். விலையில் மிகச் சிறிய இந்த ரப்பர் வளையத்தை எவரும் நினைப்பதில்லை. விசிறிச் சக்கரத்தையும் அதனடியிலுள்ள சுருள் தட்டையும் கழற்றிப் புதுச் சீல் பொருத்தியபின், வண்டி சொன்னபடி கேட்டது.

ஓடுவது பெரிதன்று, நிற்பதே பெரிது. பிரேக் டிரம்மைத் திறக்கும்போது தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக் கூடும். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். டயர்கள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பக்கச்சுவர் வெடித்திருந்தால் தள்ளிவிடுங்கள். இவ்வண்டியின் ரிம் இரண்டு பாதிகளை நட்டால் முடுக்கியது. காற்றை முழுவதும் இறக்காமல் அந்த நட்டுகளைக் கழற்றினால் ரிம் முகத்தில் அடிக்கும். இதை அந்தப் பையனுக்கு நான் மூன்று முறை சொன்னேன். இங்கே நான்காம் முறை.

ஆவணங்கள் இல்லாத வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சொந்த வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். உரியவர் காலமாகிவிட்டால் படிவம் 31 கொண்டு வாரிசின் பெயருக்கு மாற்றி, படிவம் 25 கொண்டு பதிவைப் புதுப்பித்து, அதன்பின் 29, 30 ஆகிய படிவங்களால் விற்பனையைப் பதியலாம். அம்மையாரும் நானும் இரண்டு நாள் அலுவலகத்தில் வரிசையில் நின்றோம். தம் கணவரின் கையெழுத்திட்ட பழைய பதிவுப் புத்தகத்தை அவர் மடியிலிருந்து இறக்கவே இல்லை. அறிவிப்பின் கெடு முடிய நான்கு நாள் இருக்கையில், வண்டி தானே ஓடி ஆய்வுக்குப் போய்த் திரும்பியது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதையும் மறைப்பது முறையன்று. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எரியாத கலவையின் ஒரு பகுதி புகைப்போக்கி வழியே வீணாக வெளியேறும். இவ்வண்டிகள் சாலையிலிருந்து மறைந்ததற்கு அது தகுந்த காரணமே. அன்றாடம் அலுவலகம் செல்ல இதை ஓட்டுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் வண்டி ஞாயிறு காலையில் மட்டும் காய்கறிச் சந்தைக்குப் போய் வருகிறது. இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். ஆதலால் வண்டியை நிறுத்துமுன் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை ஓடவிட்டு அணைக்கிறோம்.

சென்ற வாரம் அம்மையார் பின்னிருக்கையில் ஒருக்களித்து அமர்ந்து கோயில்வரை வந்தார். தலைக்கவசம் அணிய முதலில் மறுத்தார். பையன்தான் வற்புறுத்தி மாட்டிவிட்டான். திரும்பி வந்து இறங்கியவர், "அவர் இவ்வளவு மெதுவாக ஓட்டமாட்டார்" என்றார்.

நம் குடியிருப்பின் பின்வாயிலருகே ஒரு லாம்பிரெட்டா நிற்கிறது. அதற்கு உரியவர் இவ்வவையில் இருந்தால், கூட்டம் முடிந்தபின் என்னைச் சந்திக்க வேண்டுகிறேன். பத்து அங்குல ரிம் எவர் வீட்டிலேனும் கிடந்தால் அதுவும் எங்களுக்கு உதவும்.