புறநகர் வாழ்வும் நம் அறமும்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரச் சிற்றூர்களில் ஜினாலயத்தை ஒட்டியே நம் வீடுகள் இருந்தன. பொழுது சாயுமுன் தெரு முழுவதும் உண்டு முடித்துவிடும். நம் நோன்பை எவர்க்கும் விளக்க வேண்டிய தேவை எழவில்லை. பின்னர்க் கல்வியும் பணியும் நம்மைத் தாம்பரம் போன்ற புறநகர்களுக்கு அழைத்து வந்தன. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021ஆம் ஆண்டு மாநகராட்சியான இப்பகுதியில், தென்மாவட்டத்தாரும் ஆந்திரரும் கேரளத்தாரும் வடமாநிலத் தொழிலாளரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். "ஜெயினா? அப்படியானால் வீட்டில் மார்வாடி பேசுவீர்களா?" என்று நம் பிள்ளைகளைப் பலர் கேட்கின்றனர். நம்மை அறியவில்லையே என்று வருந்துகிறோம். நாம் அவர்களை எவ்வளவு அறிந்துள்ளோம்?

என் பிழை ஒன்றை இங்கே கூற வேண்டும். முன்னொரு நாள், எங்கள் வீட்டின் பின்பகுதியை வாடகைக்குக் கேட்டு ஓர் இளந்தம்பதியர் கைக்குழந்தையுடன் வந்தனர். அவர்கள் புலால் உண்பவர் என்று அறிந்ததும், "வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்" என்றேன். அப்பகுதி பூட்டியே கிடந்தது. கொல்லாமையைக் காப்பதாக எண்ணி வாய்மையைக் கைவிட்டேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல், குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கினார்.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர்ப் பகுதியைச் சூழ்ந்தபோது எங்கள் வீட்டிலும் நீர் புகுந்தது. எதிர்வீட்டு மாடியில் இரண்டு நாள் தங்கினோம். மீன் சமைக்கும் வீடு அது. அவ்வீட்டு அம்மையார் புதிய பாத்திரம் ஒன்றை எடுத்து, வெங்காயம் சேர்க்காமல் உப்புமா கிளறி, "மணி ஐந்தாகிறது, இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள், சார்" என்றார். நாங்கள் அவரிடம் எதுவும் சொன்னதில்லை. தள்ளுவண்டியில் என் மனைவி வாங்காதவற்றையும், எங்கள் அடுப்பு அணையும் நேரத்தையும் பல ஆண்டுகளாகக் கவனித்திருக்கிறார். நானோ அவருடைய பெயரன்றி வேறெதுவும் அறிந்திருக்கவில்லை.

கொல்லாமை நாம் நம்மீது சுமத்திக்கொண்ட விரதம்; பிறரை வாசலில் நிறுத்தி அளக்கும் கோல் அன்று. மனத்தாலும் மொழியாலும் மெய்யாலும் துன்பம் செய்யாமையே அதன் இலக்கணம். என் சொல்லால் ஒரு தாயின் முகம் வாடியதும் இம்சையே.

நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமணர். அதற்கு முதலில் உரை கண்ட மயிலைநாதரும் சமணர். பின்னர் விரிவாக உரையெழுதிய சங்கரநமச்சிவாயரும் அதனைத் திருத்திய சிவஞான முனிவரும் சைவர். தத்தம் சமயத்தை விடாமலே அவர்கள் ஒரு நூலைப் பேணினர். ஒரு தெருவைப் பேணுவது நமக்கு இயலாததா?

நம் சமையலறை நம் நெறிப்படியே இருக்கட்டும். ஆனால் அண்டை வீட்டாரை ஜினாலயத்துக்கு அழைப்போம். நாம் யார், ஏன் இரவில் உண்பதில்லை என்று சொல்வோம். அவர்கள் சொல்வதையும் கேட்போம்.

தசலட்சண நோன்பின் முதல் அறம் உத்தம க்ஷமை. அந்த நோன்பு முடிந்ததும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிறோம். பெரும்பாலும் நம்மவரிடம் மட்டுமே. அந்தத் தம்பதியர் இன்று எங்கிருக்கின்றனர் என்பதை அறியேன். அவர்களிடம் நேரில் கேட்க இயலாத மன்னிப்பை இந்த அவையில் கேட்டு அமைகிறேன்.