நம்ம விவரம் நமக்கே சொந்தம்



கடலூரில் மீன் விற்கிறவங்களானாலும், சிதம்பரம் பக்கம் நடவுக்குப் போறவங்களானாலும், கடன் என்று போய் நின்றால் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். நாமும் எதுக்குன்னு கேட்காமலே கொடுத்துடறோம். வீட்டுப் பத்திரத்தை அப்படிக் கொடுப்போமா?

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அது படிச்சவங்களுக்கு மட்டுமில்ல, நமக்கும்தான். நம் விவரங்களைக் காக்க 2023-இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

செல்போனில் கடன் தரும் ஆப், நம்ம போனில் உள்ள மற்றவர்களின் நம்பர்களையும் போட்டோக்களையும் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்தது. தவணை தவறினால் சம்பந்தி வீடு வரைக்கும் போன் போட்டு மானத்தை வாங்கியதால்தான் இந்த விதி. எனவே அப்படி அனுமதி கேட்கும் ஆப் நமக்கு வேண்டாம்.

ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தால், எந்த வேலைக்கு, எந்தத் தேதி என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுவோம். வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்க மாட்டோம். ஓ.டி.பி. யாருக்கும் சொல்ல மாட்டோம். ஏமாற்றிப் பணம் எடுத்துட்டா உடனே 1930-க்குப் போன் செய்வோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே எழுதுவோம். "எதுக்கு?" என்று கேட்பது நம் உரிமை.